கண்டக்டர் தன்னை எண்ணுவதில்லை

சங்கிலி போட்டு மறித்த பாதைக்கு முன்னால் காரை நிறுத்தி இறங்கியதும் கண்டக்டர் செய்த முதல் காரியம், முகக்கவசத்தைக் கழற்றி ஆசை தீர மூச்சு விட்டதுதான். ஐந்து வாரமாக இரண்டு அறை வீட்டில் அடைபட்டுக் கிடந்த மனிதர். பஸ் ஓடாவிட்டால் ஒரு கண்டக்டர் என்னதான் செய்வார்? ஜன்னலோரம் நின்று தெருவில் போகிற நாய்களை எண்ணினார். அதுவும் அலுத்துப் போயிற்று.

காட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி கூடாரம் அடித்துத் தங்கலாமா வேண்டாமா என்று அந்த வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். ஊரடங்கு வந்த பிறகு முகக்கவசமாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது நமக்கு மட்டும் என்ன உல்லாசம் என்பது அவள் கட்சி. கண்டக்டர் அரசாங்க அறிவிப்பை வரி வரியாகப் படித்துக் காட்டினார். கழிப்பறையும் குழாயும் உள்ள கூடார முகாம்களைத்தான் மூடியிருந்தார்கள். காடு பொது நிலம், அங்கே போகக் கூடாது என்று எங்கும் போடவில்லை, ஆளே இல்லாத இடத்தில் யாரிடமிருந்து நோய் ஒட்டும் என்று கேட்டார். அவள் மசியவில்லை. பிறகு மாடி வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் எதிர் வீட்டு அம்மாள். அன்று சாயங்காலம் ஏழு வயது மகள் இரண்டு முறை இருமினாள்.

இரண்டே இருமல்தான். மனைவி போர்வைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை, தூசி இருமல்தான் என்று காலைக்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் புறப்பட்டாயிற்று. கார் மச்சானுடையது, கூடாரமும் மச்சானுடையது, தைரியம் மட்டும் சொந்தம். மகளை அவர் அரை டிக்கெட் என்றுதான் கூப்பிடுவார். அரை டிக்கெட் வழி முழுக்கப் பின் சீட்டில் குதித்துக்கொண்டு வந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, செய்தது சரிதான் என்று கண்டக்டருக்குக் கண் கலங்கியது.

பாதை தொடங்கும் இடத்தில் காவல் குடிசை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பென்சில். உள்ளே போகிறவர்கள் எத்தனை பேர், வெளியே வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். காவலர் இல்லாவிட்டாலும் எழுத வேண்டும் என்று மேலே அச்சடித்திருந்தது. கண்டக்டருக்குப் பதிவேட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. திரும்பிப் பார்த்தார். பொழுது சாய்ந்து, மரங்களுக்கு அடியில் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. மூட்டைகளோடு அவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் விரல் தொடையில் தட்ட, பின்னாலிருந்து முன்னால் தலைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. 'உள்ளே 3' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். மூன்று பேர்தானே, கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கூடாரம் அடித்து, கொண்டு வந்த ரொட்டியைச் சாப்பிட்டுப் படுத்தார்கள். ஓரத்தில் மனைவி, நடுவில் மகள், மறு ஓரத்தில் கண்டக்டர். வெளியே காற்று நின்றுவிட்டது. பூச்சிகள் கத்திக்கொண்டே இருந்தன. பிறகு எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன. துவைத்துக் காயாமல் மூட்டையில் கிடந்த துணியின் வாடை எங்கிருந்தோ வந்தது. போர்வையை முகர்ந்து பார்த்தார். அதில் இல்லை.

மகள் தூக்கத்தில் அவர் பக்கம் நெருக்கிக்கொண்டு வந்தாள்.

"தள்ளிப் படுங்கப்பா," என்று முனகினாள். "அவளுக்கு இடம் பத்தல."

கனவு காண்கிறாள் என்று நினைத்தார். அம்மாவைச் சொல்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டார். அம்மா கூடாரத்தின் அந்தக் கோடியில் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவளுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் காலியாகவே இருந்தது.

தூக்கம் வராத நாட்களில் கண்டக்டர் எதையாவது எண்ணுவார். அன்று மூச்சுகளை எண்ணினார். மனைவியுடையது நீளம், ஒன்று. மகளுடையது குட்டை, இரண்டு. அதற்கும் கீழே, மூக்கு அடைத்த குழந்தை வாயால் இழுக்கிற மாதிரி இன்னொன்று.

மூன்று.

அது நம்முடையது என்று தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்.

மூன்றாவது மூச்சு நிற்கவில்லை.

அப்போதுதான் அவருக்குச் சாயங்காலக் கணக்கு நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் தலை எண்ணும்போது எந்தக் கண்டக்டரும் தன்னை எண்ணுவதில்லை. டிரைவரையும் தன்னையும் விட்டுவிட்டு, டிக்கெட் வாங்க வேண்டியவர்களைத்தான் எண்ணுவார். இருபத்திரண்டு வருடமாக அதில் ஒரு நாளும் பிசகியதில்லை. சாயங்காலம் கம்பத்தடியில் நின்றபோதும் அப்படித்தான் எண்ணினார். மனைவி ஒன்று, மகள் இரண்டு. இரண்டோடு நின்றிருக்க வேண்டிய விரல் மூன்றாவது முறையும் தட்டியது. மூன்று பேர் வந்த இடத்தில் மூன்று என்று எழுதியதால் அவருக்கும் உறைக்கவில்லை, மனைவிக்கும் உறைக்கவில்லை.

டார்ச்சை எடுக்கக் கை போனது. போன கை திரும்பி வந்துவிட்டது. வெளிச்சம் போட்டு, அந்த ஒரு முழ இடத்தில் எதையாவது பார்த்துவிட்டால் பிறகு என்ன செய்வது? மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விடியும் வரை கண் கொட்டாமல் கிடந்தார்.

இரண்டு ராத்திரி என்று வந்தவர்கள் முதல் வெளிச்சத்திலேயே கிளம்பினார்கள். மனைவி காரணம் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளும் தூங்கியதாகத் தெரியவில்லை. கம்பத்தடியில் கண்டக்டர் பதிவேட்டைத் திறந்தார். தன் வரிக்கு மேல் வரியை அப்போதுதான் கவனித்தார். ஊரடங்கு அறிவித்த தேதி. எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிய நாள்.

'உள்ளே 5. வெளியே 4.'

வேறு குறிப்பு ஏதும் இல்லை. அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்து. எந்தக் குழப்பத்தில் எந்த வண்டியில் யார் யார் ஏறினார்களோ. தலை எண்ணாமல் வண்டியை எடுத்திருக்கிறார்கள். காவலரும் அன்றைக்கே குடிசையைப் பூட்டியிருப்பார். ஐந்து வாரமாக இந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. குடிசைக் கதவில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மறு அறிவிப்பு வரும் வரை அலுவலகம் இயங்காது என்று ஒரு குரல் சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

கண்டக்டர் இந்த முறை கையால் தொட்டு எண்ணினார். மனைவியின் தலை, ஒன்று. மகளின் தலை, இரண்டு. அதற்கு மேல் தொட எதுவும் இல்லை. 'வெளியே 3' என்று எழுதினார், தன்னையும் சேர்த்து. காரை எடுத்தபோது மனசு கொஞ்சம் லேசாயிற்று.

ஊருக்குள் நுழையும் இடத்தில் முதல் நாள் இல்லாத தடுப்பு இருந்தது. கவச உடை போட்ட சுகாதாரப் பணியாளர் ஒருத்தி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள், ஒரு தாளில் எழுதினாள், நீட்டினாள். வெளியூர் போய் வந்தவர்கள் பதினான்கு நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. நபர்கள்: 4.

"மூணு பேருங்க," என்றார் கண்டக்டர். தாளைத் திருப்பி நீட்டினார்.

அந்தப் பெண் ராத்திரியிலிருந்து நின்றுகொண்டிருப்பவள். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. "நான் எண்ணிட்டேன் சார். ஆளை மறைச்சா எல்லாரையும் முகாமுக்குத்தான் அனுப்பணும். பிள்ளைங்களுக்குத் தனி முகாம், கூட யாரும் இருக்க முடியாது. பரவாயில்லையா?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் மகள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து இருக்கையில் ஈரம் படிந்திருந்தது.

மனைவி முன் கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "கையெழுத்துப் போடுங்க. அவளைத் தனியா அனுப்ப முடியாது."

போட்டார்.

வீட்டுக் கதவில் தாளை ஒட்டினார்கள். ஜன்னல் பக்கம் கயிறு கட்டினார்கள். வெளியே கால் வைத்தால் வழக்கு என்றார்கள். மகளை நோயிலிருந்து காப்பாற்றத்தான் இந்த வீட்டை விட்டுப் போனார்கள். இப்போது அதே இரண்டு அறை, உள்ளே இவர்கள், போகலாமா வேண்டாமா என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை. மகள் அன்று முழுக்கச் சிரிக்கவில்லை. அவளைக் கேட்கக் கண்டக்டருக்குத் தைரியம் வரவில்லை. மச்சானிடம் இரவல் வாங்க முடியாத ஒன்று அதுதான்.

சாயங்காலம் அதே பெண் காய்ச்சல் பார்க்க வந்தாள். வாசலில் வரிசையாக நிற்கச் சொன்னாள். கருவியைக் கண்டக்டரின் நெற்றிக்கு நேராகப் பிடித்து ஒரு எண்ணை எழுதினாள். பிறகு மனைவி. பிறகு மகள். எல்லாம் சரியான சூடு. கண்டக்டர் பெருமூச்சு விட்டார்.

அவள் நகரவில்லை. முட்டி போட்டு, கருவியை இன்னும் தாழ்த்தி, மகளுக்கு அந்தப் பக்கம் பிடித்தாள். மகளின் இடது கை, எதையோ பிடித்திருப்பது போல் பாதி மூடியிருந்தது. கருவியை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இந்தச் சின்னவளுக்கு மட்டும் நம்பரே வரல சார். பேட்டரி போயிருக்கும்," என்றாள். "நாளைக்கு வேற மிஷின் கொண்டு வரேன். அதுவரைக்கும் அவளுக்கு நல்லா போர்த்தி விடுங்க, பாவம், நடுங்குறா."

கதவை அவளே வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனாள்.