பெட்டிக்குள் சிவப்பு

கருவிப் பையோடு ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்துக்கு நான் இறங்கியபோது மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கீழே மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த வாடை. உயிருள்ள எலியின் உடம்புக்குள்ளே படம் பிடிக்கும் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கூப்பிட்டவள் என் அக்கா. அங்கே புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர்.

"டேய், பெட்டி பொய் சொல்லுது. வந்து பாருடா," என்றாள் போனில். அவள் மகள் இறந்த நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் அப்படியொரு கெஞ்சலை நான் கேட்டதில்லை.

மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் கட்டி வந்து, கண் முன்னாலேயே கரைந்து போனாள். அறுவையில் எடுத்த கட்டியின் செல்களை மட்டும் அக்கா சாக விடவில்லை. கடல் பிராணி ஒன்றின் ஒளிரும் புரதத்தை அவற்றில் சேர்த்து, முடியில்லாத எலிகளுக்குள் வளர்த்தாள். எலியை மயக்கி, இருட்டுப் பெட்டியில் கிடத்தி விளக்கடித்தால், கட்டி இருக்கும் இடம் சிவப்பாகத் தெரியும். டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தினால் விரலெல்லாம் சிவக்கிறதே, அதுபோலச் சதையைத் தாண்டி வரக்கூடியது சிவப்புதான். மருந்து கொடுக்கக் கொடுக்க அந்தச் சிவப்பு குறைய வேண்டும். பிள்ளையைக் கொன்ற கட்டியைப் பெற்றவளே வளர்த்து, அதைக் கொல்லவும் மருந்து தேடினாள்.

மருந்து வேலை செய்தது. எலிகளில் சிவப்பு அடியோடு மறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கட்டியே வைக்காமல் விட்டிருந்த எலிகள் இப்போது ஒளிர ஆரம்பித்திருந்தன.

நான் சிரித்தேன். "தீவனத்த மாத்திட்டாங்களா? பச்சைப் புல் கலந்ததத் தின்னா எலி வயிறு தானாவே சிவப்பா தெரியும். இதுல ஏமாறாத ஆளே கிடையாது."

பக்கத்தில் நின்ற எலி வளர்ப்பவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "என்னை என்ன நேத்து வந்தவன்னு நெனச்சீங்களா சார்? புல்லு கலக்காத தீவனம்தான். என் கையால நானே போடுறேன்."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. போற எடத்துலெல்லாம் கேக்குற கேள்விதான்."

வெறும் பெட்டியைப் படம் எடுத்தேன். சுத்தமான கருப்பு. பெட்டியில் குறையே இல்லை. கட்டி வைக்காத எலி ஒன்றை அவர் கொண்டுவந்தார். மயக்க வாயுவின் தித்திப்பான வாடை மெல்லப் பரவியது. எலி தளர்ந்து படுத்தது. கதவைச் சாத்தி, அறை விளக்கையும் அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

விலாவுக்குள் சிவப்பு தெரிந்தது. தீவனம் தங்கும் குடலில் இல்லை. அதற்கு மேலே, மூச்சு வாங்கும் இடத்தில்.

"அக்கா, இது..."

"பேசாத. பாரு." அக்கா உள்ளங்கையைப் பெட்டியின் இடப்பக்கத்தில் வைத்தாள்.

சிவப்பு இடப்பக்கம் நகர்ந்தது.

கையை வலப்பக்கம் கொண்டுபோனாள்.

அதுவும் வந்தது.

பெட்டிக்குள் எரியும் விளக்கை அணைத்தேன். இந்தப் புரதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. விளக்கு அடித்தால்தான் பதிலுக்கு ஒளிரும். விளக்கு போனால் இதுவும் போயாக வேண்டும்.

போகவில்லை.

காற்றுப் பம்பின் உறுமல் மட்டும் கேட்டது. எலி வளர்ப்பவர் எப்போது வெளியே போனார் என்று தெரியவில்லை.

"மருந்து கட்டியத்தான் கொன்னுச்சு," என்றாள் அக்கா கிசுகிசுப்பாக. "இவ எங்க போவா? போக்கிடம் இல்லாம, கெடச்ச ஒடம்புல ஒண்டிக்கிட்டு நிக்கிறா."

பேய், பிசாசு என்றால் கேலி செய்கிறவன் நான். வாலு என் தோளில் வளர்ந்த பிள்ளை. அவளைப் பார்த்து நான் பயந்தேன். பயந்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

"இந்தப் படத்த அப்படியே குடுத்தா, கட்டி பரவுது, மருந்து உதவாதுன்னு மூடிருவாங்க," என்றாள். "மாடி வார்டுல இதே கட்டியோட பிள்ளைங்க கெடக்குதுங்க. பெட்டியில கோளாறுன்னு சொல்லிருடா."

"எலிங்க?"

"சோதனை முடிஞ்சா எல்லாத்தையும் முடிச்சிரணும். அதான் விதி. என்னால பாக்க முடியாது. நீ கூட இரு."

இருந்தேன். கேட்டவர்களிடம் பெட்டியில்தான் கோளாறு என்று சொன்னேன். வேறு எதைச் சொல்ல? எலிகளை அடைத்து மூடிய தொட்டிக்குள் வாயு நிறைந்தது. அறையை இருட்டாக்கியிருந்தேன். எலிகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்று அடங்க அடங்க, அடுத்ததற்குச் சிவப்பு தாவியது. கடைசி எலியில் அது நெடுநேரம் துடித்தது.

பிறகு ஒன்றும் தெரியவில்லை.

வெளியே அக்கா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மகளை இரண்டாவது முறையாக வழியனுப்பியிருந்தாள்.

மருந்து பல படிகளைத் தாண்டி வார்டுக்கு வந்து சேர்ந்தபோது, காத்திருந்த பிள்ளைகளில் மிஞ்சியவர்கள் சிலர்தான். முதலில் ஒரு தையல்காரரின் மகனுக்கு ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. அவனைப் பார்க்க அக்கா என்னையும் கூட்டிப்போனாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நடுப்பகல். ஜன்னல்கள் திறந்து, கட்டில் முழுக்க வெயில் விழுந்துகிடந்தது. பையனின் அம்மா அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டு, "தெய்வம் மாதிரி வந்தீங்க டாக்டர்," என்றாள்.

பையன் கண் திறந்தான். பெற்றவளைத் தாண்டி அக்காவைப் பார்த்தான்.

"அம்மா," என்றான் அவளிடம். "லைட்ட போடும்மா. எலிக்குள்ள ரொம்ப இருட்டா இருந்துச்சு."

"மருந்து மயக்கத்துல ஒளறுறான். தப்பா எடுத்துக்காதீங்க," என்று பையனின் அம்மா சிரித்தாள்.

அடுத்த கட்டிலில் நர்ஸ் ஒரு சிறுமிக்கு அதே மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தாள். நிறுத்துங்கள் என்று அக்கா கத்துவாள் என எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். பையனின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"அம்மா இங்கதாண்டி இருக்கேன்," என்றாள்.