தேவாலயத்தில் ஒட்டிய மஞ்சள் டேப்

விடுமுறை நாளிலாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்த ரவிசங்கரின் நினைப்பில் மண் விழுந்தது. வளைகுடாவில், ரோலா பகுதியில் இருந்த அவன் ஃபிளாட்டின் மணியை விடாமல் அடித்துக்கொண்டு நின்றவர் ஸ்ரீகாந்த். வில்லாக்கள் கட்டி ஒப்படைப்பவர். கட்டட மாதிரிகள் செய்யும் பட்டறையும் வைத்திருக்கிறார். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் டேப் சுருளை மாட்டியிருந்தார்.

"மேடம், என் மானமே போச்சு!" என்று ஷியாமளாவிடம் புலம்பினார். ரவிசங்கரின் மனைவி ஷியாமளா கல்லூரியில் கட்டடக்கலை வரலாறு நடத்துபவள்.

ஓர் ஆங்கிலேயர் தன் ஊர்த் தேவாலயத்தின் மாதிரியைக் கேட்டிருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவர். இருநூறு வருடம் கழித்து அதை ஒட்டி எழுந்த கோபுரம். இரண்டும் வெவ்வேறு காலத்தவை என்று காட்டுவதே நடுவில் ஓடும் இடைவெளிக் கோடுதான். அதில் பட்டி பூசி மறைத்துவிட்டார்கள். நாளை டெலிவரி.

"எங்க வேலையில மஞ்சள் டேப் ஒட்டினா அங்க ரிப்பேர்னு அர்த்தம். அந்த இடத்தை அடைக்கிறது பெயிண்டர் அழகுமலையோட டூட்டி. அடைச்சிட்டான். டேப்பை ஒட்டினது மாதிரியைச் செதுக்கின கார்மேகம்தான். போன மாசம் லீவைத் தள்ளிப்போட்ட கடுப்பு. அவனோட இந்த லீவும் கேன்சல்!"

பேசியபடியே நடந்தவர், ஹாலில் கீறல் விட்டிருந்த டைலில் ஒரு துண்டு டேப்பைக் கிழித்து ஒட்டினார். ரவிசங்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கார்மேகம்தான் ஷியாமளா, சந்தேகமே இல்லை," என்று பட்டறை போய்ச் சேரும்வரை அவன் அடித்துச் சொன்னான்.

மாதிரியைச் செதுக்கிய கார்மேகம் பையும் கையுமாக நின்றிருந்தார். "தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து மேடம். தாய்மாமன் மடியில வச்சாத்தேன் குத்துவாக. ராத்திரி ஃபிளைட்டு. இப்பப் பாத்து எம்மேல பழியப் போடுறாரே!"

ஷியாமளா அழகுமலையிடம் திரும்பினாள். "வேற எங்கெல்லாம் டேப் இருந்தது?"

"தேஞ்ச படியில இருந்துச்சு, பூசிட்டேன். சாஞ்ச சுவர்ல இருந்துச்சு. அத நிமித்த முடியல, விட்டுட்டேன்."

ரவிசங்கர் தலையில் அடித்துக்கொண்டான். எண்ணூறு வருடம் மிதித்துத் தேய்ந்ததாகச் செதுக்கிய படி இப்போது புத்தம் புதிதாக மின்னியது.

"கெடுக்க நினைச்சவருக்கு அந்தக் கோடு ஒண்ணே போதும்," என்றாள் ஷியாமளா நிதானமாக. "இங்கே வயசான அடையாளம் எல்லாமே ரிப்பேராத் தெரிஞ்சிருக்கு. அதையெல்லாம் உக்காந்து செதுக்கினவர் கண்ணுக்கு அப்படித் தெரியாது. புது வீடு ஒப்படைக்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். நேத்து இங்கே வந்தீங்களா சார்?"

"வில்லா ஹேண்ட்ஓவர் முடிச்சிட்டு நேரா வந்தேன். போன் பேசிக்கிட்டே ஒரு சுத்து..." ஸ்ரீகாந்தின் குரல் இறங்கியது.

"காலையில எங்க ஹால் டைல்ல டேப் ஒட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நானா?"

"நீங்கதான் சார்!" என்று ரவிசங்கர் கத்தியே விட்டான்.

ஸ்ரீகாந்த் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "கலாஸ், விஷயம் முடிஞ்சது. கார்மேகம், நீ ஊருக்குப் போ. போறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டை மட்டும் கீறிக் குடுத்துட்டு..."

கார்மேகம் பையைத் தோளில் மாட்டினார். "ஒட்டுன ஆளே கீறட்டும் சார். எனக்கு மடி குடுக்குற வேல இருக்கு."

ஷியாமளா மேஜையிலிருந்த கத்தியை எடுத்து ஸ்ரீகாந்தின் கையில் கொடுத்தாள். ரவிசங்கர் ஏர்போர்ட்டில் இறக்கிவிடக் கார் சாவியோடு கார்மேகத்தின் பின்னால் ஓடினான்.