இரண்டாவது வீட்டின் சுவர்

"யோகா அண்ணன் எப்படி அழிச்சாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க டீச்சர். அழிச்சது அவர்தான்னு எனக்குத் தெரியும்," என்றாள் தனுஜா.

தேயிலை மலையூரான ரிங்லெட்டில், பள்ளியின் கணினி அறையில் சசிரேகா டீச்சர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். பள்ளி வேன் ஓட்டும் செல்வராஜுவோ நோட்டும் பேனாவுமாகத் தயாராக நின்றார். துப்பு என்றால் மனிதருக்குச் சாப்பாடே வேண்டாம்.

விஷயம் இதுதான். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். லயனிலேயே வளர்ந்த தனுஜா அவற்றைக் கணினியில் முப்பரிமாணப் படமாக அமைத்திருந்தாள். எண்ணைத் தட்டினால் அந்த வீடு மட்டும் தனியே திரையில் நிற்கும். கோப்பைப் பென்டிரைவில் போட்டு, எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி யோகேந்திரனிடம் கொடுத்தனுப்பினாள். காலையில் மேனேஜர் திறந்து பார்த்தால், பல வீடுகளுக்கு ஒரு பக்கச் சுவரைக் காணோம். பழுதுபார்க்கும் பட்டியலில் தன் வீடு கடைசி என்று போன வாரம் சண்டை போட்டவர் யோகேந்திரன். அவர் பெயரை மேனேஜரிடம் சொன்னவளே தனுஜாதான். நாலு மணிக்கு விசாரணைக் கூட்டம். தன் மேல் தப்பில்லையென்று காட்டாவிட்டால் யோகேந்திரனுக்கு வேலை போய்விடும்.

"காரணம் கிடைச்சாச்சு டீச்சர். ஆளைப் பிடிச்சிரலாம்லா," என்றார் செல்வராஜு.

"முதல்ல வீட்டைப் பார்ப்போம் அண்ணே."

டீச்சர் பென்டிரைவைச் செருகி, ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். ஆறு வீடுகள் கொண்ட லயனில் முதல் வீடு முழுசாக இருந்தது. மற்ற ஐந்துக்கும் இடப்பக்கச் சுவர் இல்லை. அடுத்த லயனிலும் அப்படியே. தனியாக நிற்கும் டிஸ்பென்சரிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"கோபத்துல அழிக்கிறவன் இவ்வளவு ஒழுங்கா அழிப்பானா? உன் கம்ப்யூட்டர்ல எப்படித் தெரியுது?"

"அதுல சரியாத்தான் இருக்கு. ஒரு வாரமா புரோகிராமை மூடவே இல்ல."

"சேமிச்ச கோப்பை மறுபடி திறந்து பார்த்தியா?"

இல்லையென்று தனுஜா தலையசைத்தாள். செல்வராஜு எழுதுவதை நிறுத்தினார்.

"ரெண்டு வீட்டுக்கு நடுவுல எத்தனை சுவர் வரைஞ்சே?"

"ஒண்ணுதான். லயன்ல ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே டீச்சர்? பக்கத்து வீட்டுல தாளிச்சா நமக்குத் தும்மல் வரும்."

"வெளியாளா இருந்தா வீட்டுக்கு நாலு சுவர்னு வரைஞ்சிருப்பான், பிரச்சினையே வந்திருக்காது. கோடு, பெட்டியை எல்லாம் கோப்புல எழுத நீ எடுத்துப் பயன்படுத்துற ரெடிமேட் கிராஃபிக்ஸ் லைப்ரரிக்கே தெரியும். 'வீடு'ங்கிறது நீ புதுசா உண்டாக்கின பொருள். அதை எப்படி எழுதணும், எப்படித் திரும்பக் கட்டணும்னு நீதான் சொல்லணும். என்ன சொல்லியிருக்கே?"

தனுஜா மடிக்கணினியில் தன் நிரலைத் தேடிப் பார்த்தாள். "ஒரு தடவை எழுதின பொருளை மறுபடி எழுதாம தாண்டிப் போன்னு…"

"அங்கதான் கோளாறு. முதல் வீட்டோட அந்தச் சுவரை எழுதியாச்சு. ரெண்டாவது வீடு வந்ததும் தாண்டிருச்சு. தாண்டலாம், ஆனா 'முன்னாடி எழுதின இந்த நம்பர் சுவர்தான் இதுக்கும்'னு ஒரு குறிப்பு வைக்கணும். உன் கம்ப்யூட்டர்ல ரெண்டு வீடும் ஒரே சுவரைப் பிடிச்சிட்டு நிக்குது, அதனால உனக்குத் தெரியல."

சுவர்களுக்கெல்லாம் எண் கொடுத்துத் திருத்த அரை மணி நேரம் ஆனது. இந்தத் தடவை சேமித்து, மூடி, மறுபடி திறந்தாள். எல்லா வீடுகளும் முழுசாக நின்றன. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்களேன் டீச்சர்."

"கண்டுபிடிக்கிறதுதான் என் வேலைம்மா. பழி சொன்னது நீ," என்றார் டீச்சர், கோபமில்லாமல்.

நாலு மணிக்கு எஸ்டேட் ஆபீஸில் மேனேஜர் குகனேஸ்வரனும் லயன் ஜனங்களும் கூடியிருந்தார்கள். யோகேந்திரன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு ஓரமாக நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. தனுஜா பழைய கோப்பையும் புதியதையும் திரையில் காட்டினாள்.

"யோகா அண்ணன் இதைத் தொடவே இல்ல சார். தப்பா எழுதினதும் நான்தான், அவர் மேல பழி போட்டதும் நான்தான்."

மேனேஜர் எழுந்து யோகேந்திரனின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். யோகேந்திரன் தலையாட்டிவிட்டுத் தனுஜாவிடம் வந்தார்.

"எங்கம்மா காலையில இருந்து சாப்பிடல. 'தனுஜா சொன்னா பொய்யா இருக்காது, நீ என்னடா பண்ணினே'ன்னு கேட்டு அழுதுட்டிருக்காங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீயே வந்து சொல்லு."

தனுஜா செருப்பைக்கூடப் போடாமல் அவர் பின்னால் நடந்தாள்.