கடைசி ஆளின் முதுகு

ஜீப் ஓடைக்கரையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஆறு கிலோமீட்டர் நடைதான். மரங்களுக்கு நடுவே பழைய ஓய்வு விடுதியின் தகரக் கூரை தெரிந்தபோது மணி நான்கு. மழை இருட்டில் ஆறரை போல இருந்தது. சர்வேயர் படியருகே நின்று மூச்சு வாங்கினார். போன வருஷம் அவர் கையால் பூட்டிய அதே பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஆபீஸில் யார் கேட்கிறார்கள்? எல்லைக்கோட்டைப் பாதியில் விட்டவர்தானே முடிக்க வேண்டும் என்று ஒரே வரியில் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

"இதுதானா மாமா அந்த பங்களா? நீங்க குடுத்த பில்டப்புக்கு மாட்டுக்கொட்டகை மாதிரில்ல இருக்கு" என்றான் மைத்துனன். அவர் மனைவியின் தம்பி, இருபத்தாறு வயசு. டேப் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"உள்ள போகாத மாப்ளே. மொதல்ல அந்தப் பெட்டியில உட்காரு. சட்டையக் கழட்டு."

"குளிருது மாமா."

"கழட்டுன்னா கழட்டு."

வராந்தாவில் கருவிப்பெட்டி ஒன்று போன வருஷத்திலிருந்தே கிடந்தது. மைத்துனன் முனகிக்கொண்டே அதில் உட்கார்ந்து முதுகைக் காட்டினான். காட்டில் வேலை செய்கிறவர்களுக்குள் இது ஒரு முறை. வாசலைத் தாண்டும் முன் ஒருத்தன் முதுகை இன்னொருத்தன் பார்க்க வேண்டும். டார்ச் அடித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை விரலால் தடவிப் பார்த்து, "பார்த்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உள்ளே.

அட்டைக்காக வந்த முறை இல்லை இது. அட்டை பாவம், வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தானே உருண்டு விழுந்துவிடும். காலுறை நனையும், நாலு நாள் அரிக்கும், அதோடு சரி. பயமெல்லாம் உண்ணிக்குத்தான். ஊசிமுனை அளவுகூட இருக்காது சனியன். கடித்தால் வலிக்காது, தெரியவே தெரியாது. சில நாள் கழித்து அந்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு கட்டும். அதைக் கண்ணில் பார்த்துவிட்டால் மாத்திரையோடு போய்விடும். பார்க்காமல் விட்டால் ஆளே போய்விடுவான்.

போன வருஷம் ஒருத்தன் போனான்.

சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட அளவுக்குச்சியைத் தூக்கிக்கொண்டு எப்போதும் கடைசியில் வருவான். ஆளும் அதே வாகு. அதனால் அவனுக்குப் பேரே குச்சி. முன்னால் போகிறவர்களின் காலடிச் சத்தத்தில் அட்டைகளெல்லாம் விழித்துக்கொள்ளும், கடைசியில் வருகிறவன்மேல் ஏறும். குச்சி அதற்கும் சிரிப்பான். "நீங்க பந்திக்குக் கூப்பிடறீங்க, நான் பரிமாறறேன்" என்பான். அந்தச் சுற்றின் கடைசி நாள் சாயங்காலம் அவன் இந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். சர்வேயர் அவன் பின்னால் படியில் உட்கார்ந்து காலுறையை உருட்டிக்கொண்டிருந்தார். பதினோரு அட்டை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

"அண்ணே, பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. ஒண்ணுமில்ல. போ."

அவர் நிமிரவே இல்லை.

ஊருக்குப் போன இரண்டாம் நாள் குச்சிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பத்தாம் நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவனைப் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே அந்தக் கறுப்புப் பொருக்கைப் பார்த்தாள். "இது எத்தனை நாளா இருக்கு? இதை யாருமே பார்க்கலையா?" என்றாள். கட்டில் ஓரமாகத்தான் சர்வேயர் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் யாரிடமும் திறக்கவில்லை, மனைவியிடம்கூட.

இந்தத் தடவை கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள். "அவன் விளையாட்டுப் பிள்ளைங்க. போன மாதிரியே முழுசா கொண்டுவந்து சேர்த்துடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். சர்வேயருக்கும் வேறு ஒன்றும் வேண்டாம். ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருந்தது. சாப்பாடு, தூக்கம், கௌரவம் எல்லாவற்றிலும் அலுப்புத் தட்டிவிட்ட மனுஷனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வந்திருந்தது. மைத்துனன் முதுகை இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

"பார்த்தாச்சு" என்றார்.

மறுநாள் வேலை தொடங்கியது. மழை விடவில்லை. இலை அழுகிய வாடை மூக்கிலேயே தங்கிவிட்டது. உப்பைத் துணியில் முடிந்து கழியில் கட்டி, கால்மேல் ஏறுகிற அட்டைகளை ஒற்றி ஒற்றி உதிர்த்துக்கொண்டே நடந்தார்கள். மைத்துனன் அளவுக்குச்சியோடு முன்னால் போனான். சர்வேயர் பின்னால்.

நடந்துகொண்டிருக்கும்போது யாரோ அவர் கழுத்திலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்து எடுத்தார்கள். பழகின கை. நகத்தால் முதலில் வாயை நெம்பி, பிறகு இழுக்கிற கை.

"விடு மாப்ளே, நானே எடுத்துக்கறேன்."

இன்னொன்றும் எடுக்கப்பட்டது.

"விடுறான்னா…"

"என்ன மாமா?" என்று குரல் வந்தது. முன்னாலிருந்து. நாற்பது அடி தள்ளி மைத்துனன் அளவுக்குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

சர்வேயர் திரும்பினார். வெட்டிய பாதை வெறிச்சென்று கிடந்தது. பாதையின் இரண்டு பக்கமும் இலை நுனிகளில் அட்டைகள் எழுந்து நின்று நெளிந்துகொண்டிருந்தன. அட்டை உடம்புச் சூட்டைத் தேடித்தான் நீளும்.

ஒன்றுகூட அவரைப் பார்த்து நீளவில்லை.

எல்லாம் அவருக்கு இரண்டடி பின்னால், யாரும் இல்லாத இடத்தை நோக்கி நீண்டிருந்தன.

வயசாகிவிட்டது, தூக்கம் போதவில்லை, பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மைத்துனனிடம் மூச்சுவிடவில்லை. அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் மட்டும் அவனைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே வேலை பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சர்வேயருக்குக் கால் மடங்கிவிட்டது. அதனால் திரும்பி வரும்போது அவர் முன்னாலும் மைத்துனன் பின்னாலுமாக வந்தார்கள். விடுதிக்குள் நுழையும் இடத்தில் மைத்துனன் வாளியை எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் போனதை அவர் கவனிக்கவில்லை. விடுதியின் பின்பக்கம் போய்க் கால்களைக் கழுவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியில் அவன் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. முதுகு குனிந்திருந்தது.

'பரவாயில்லையே, சொல்லாமலே கழட்டிட்டானே' என்று நினைத்துக்கொண்டு டார்ச்சை எடுத்தார். கழுத்தைப் பார்த்தார். நனைந்த முதுகு, சில்லென்று இருந்தது. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. இவன் எப்போது இவ்வளவு இளைத்தான்? விரலை இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே கொண்டுபோனார்.

பொருக்கு. கறுப்பாக, வட்டமாக.

 அவருக்கு மனைவியின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. "அய்யோ, இது எத்தனை நாளா இருக்கு?" என்றார். 

"போன வருஷத்துலேர்ந்துண்ணே."

டார்ச் கீழே விழுந்தது.

"மாமா, யார்கூட பேசறீங்க?" மைத்துனன் இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். பெட்டி காலியாக இருந்தது. பலகைமேல் உட்கார்ந்த அளவுக்கு ஈரம் மட்டும் இருந்தது.

"சட்டையக் கழட்டு. இப்பவே."

"தண்ணிய எறக்கி வெச்சுக்கறேன் மாமா."

அவர் கீழே விழுந்த டார்ச்சை எடுத்தார். ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். மச்சம், பழைய தழும்பு, அட்டை கடித்த இரண்டு இடம். வேறொன்றும் இல்லை. மூன்றாவது தடவை பார்க்கும்போது மைத்துனன் சொன்னான்: "வர்ற வழியிலதான் நீங்களே தொட்டுப் பார்த்தீங்களே. கழுத்துல ரெண்டு எடுத்தீங்க. அப்புறம் இங்க, இடது பக்கம், ரொம்ப நேரம் விரலை வெச்சிருந்தீங்க. ஐஸ் மாதிரி இருந்துச்சு."

வர்ற வழியில் அவர் முன்னால் அல்லவா நடந்தார்.

"காலையில கிளம்பறோம்" என்றார்.

"கோடு முடியலையே?"

"கோடு நாசமாப் போகட்டும்."

விடிந்ததும் கருவிகளையும் அளவுக்குச்சியையும் உள்ளே போட்டுப் பூட்டினார். மைத்துனனை முன்னால் நடக்கவிட்டார். "திரும்பிப் பார்க்காத, நான் என்ன பேசினாலும் நிக்காத. ஜீப் வரைக்கும் நட." அவன் பயந்துபோய்த் தலையாட்டினான். இவர் கடைசி ஆளாக நடந்தார். மடங்கிய கால் ஒவ்வொரு அடிக்கும் உயிரை வாங்கியது.

இரண்டாவது கிலோமீட்டரில் சத்தம் வந்தது.

டக்.

அளவுக்குச்சியின் இரும்பு முனை கல்லில் படுகிற சத்தம். அந்த அளவுக்குச்சியோ விடுதிக்குள் பூட்டிக் கிடந்தது.

டக். டக்.

அவர் திரும்பவில்லை. பயத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது. ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த சுமை. இனி முடியாது என்று தோன்றியது. நடந்துகொண்டே பேசினார்.

"பார்க்கலடா. அன்னைக்கு நான் பார்க்கல. பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியிலயும் வாயத் திறக்கல. என்னை மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவன் ஒரு பாவமும் அறியாதவன். அவன் முதுகத் தொடாத. என் முதுகப் பாரு."

டக் சத்தம் நின்றது.

சட்டைக்குள் ஒரு விரல் இறங்கியது. உப்பும் ஈரமும் ஒட்டிய விரல். கழுத்திலிருந்து மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

பிறகு காதோரம் அந்தக் குரல்.

"பார்த்தாச்சுண்ணே. ஒண்ணுமில்ல. போ."

 அந்த வார்த்தைகளின் மதிப்பு அவரைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டு வாசலிலேயே தம்பியை நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னாள் மனைவி. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளியும் இல்லை. "தெய்வமே" என்று அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தாள். சொன்னபடி முழுசாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் சர்வேயருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"என் முதுகையும் கொஞ்சம் பாரேன்" என்று சட்டையைக் கழற்றினார்.

 கொஞ்ச நேரம் கழித்து, "பார்த்தாச்சு. ஒண்ணுமில்ல" என்றாள். அவள் குரலில் அவள் இல்லை. திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து, தம்பி கழற்றிப் போட்ட காலுறையை உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

மைத்துனனிடம் கேட்டார். "பார்த்தாச்சு மாமா. ஒண்ணுமில்ல." அவனும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்த எட்டாம் நாள் தலை விண்விண்ணென்று தெறித்தது. குளிர் தூக்கிப் போட்டது. மழையே காணாத ஊரின் ஆஸ்பத்திரியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். காடு, உண்ணி, போன வருஷத்துச் சாவு, எதையும் விடவில்லை. "இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழ பாருங்க டாக்டர். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். கண்ணால பாருங்க."

டாக்டர் எழுந்து பின்னால் வந்தார். சட்டை மேலே ஏறியது.  சர்வேயர் எதிரே இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று, குனிந்து, தன் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"பார்த்தாச்சு. ஒண்ணுமில்ல. போங்க."

சர்வேயர் எழுந்தார். சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? வெளியே வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து பொத்தானைப் போட்டார்.  பக்கத்தில் யாருமில்லை. அழுகிய இலையின் வாடை மெல்ல வந்தது.

"அண்ணே" என்றது குரல், ரொம்பப் பரிவாக. "அவங்க யாருமே பார்க்கலண்ணே. நான் பார்த்தேன்."

"என்னடா இருக்கு?" என்றார் சர்வேயர்.

திரும்பித் தன் தோளைப் பார்த்தார். அவரது இடது தோளில், உலர்ந்த வெள்ளைச் சட்டையின்மேல், ஈரமான ஐந்து விரல் பதிந்திருந்தது. ஒவ்வொரு விரல் நுனியிலும் நாலைந்து உப்புக்கல் ஒட்டியிருந்தது.