ஜின்னுக்குக் காபி போடத் தெரியுமா?

அமீரகத்தில் ராஸ் அல் கைமா பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. வீடுகள் உண்டு, பள்ளிவாசல் உண்டு, சந்துபொந்தெல்லாம் உண்டு. ஆள் மட்டும் கிடையாது. ஜஸீரத் அல் ஹம்ரா என்று பெயர். முத்துக்குளித்து வாழ்ந்த மக்கள் எப்போதோ விட்டுப்போன ஊர்.

2006 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்து வயது ருமைஸா அங்கே போய் இறங்கினாள். கூடவே, அவள் 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் இர்ஷாத். துபாயிலிருந்து காரில் கூட்டிவந்தவர் பக்கத்து ஃப்ளாட் லெய்லா ஆன்ட்டி. போஸ்னியா நாட்டுக்காரர். பழைய கட்டடம் எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அவருடைய ஆறு வயது மகன் தாரிக்கும் வந்திருந்தான்.

அன்றைக்கு ஊரை மூடுபனி விழுங்கியிருந்தது. பத்தடி தள்ளி நின்ற ஆள்கூடத் தெரியவில்லை. கடல்பாறைக் கல்லால் கட்டிய சுவர்கள் திடீர் திடீரென்று எதிரே முளைத்தன. கதவில்லாத வாசல்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

ஒரு முற்றத்தில் லெய்லா ஆன்ட்டி பாயை விரித்தார். பூரெக்கை எடுத்து வைத்தார். உள்ளே கறி வைத்து, நத்தைபோலச் சுருட்டிச் சுட்ட பண்டம் அது. குழந்தைகளுக்கு ரோஜா சர்பத். காபிக்காக நீளக் கைப்பிடி வைத்த செம்புப் பாத்திரமும் சின்ன அடுப்பும் வந்திருந்தன.

"தாரிக், வா சாப்பிட!"

பதில் இல்லை. இவ்வளவு நேரம் இங்கேதானே நின்றான்?

"தாரிக்!"

'...ரிக்' என்றன சுவர்கள். இடப்பக்கம் கூப்பிட்டால் வலப்பக்கமிருந்து குரல் திரும்பியது. லெய்லா ஆன்ட்டியின் குரல் நடுங்கத் தொடங்கியது. பனிக்குள் கேட்க, அது வேறு யாருடைய குரலோபோல இருந்தது.

இர்ஷாத்தின் முகம் வெளுத்திருந்தது. ருமைஸா அவன் கையைப் பிடித்தாள்.

"காக்கா, கார்ல அவன்கிட்ட என்ன சொன்னே?"

"சும்மா விளையாட்டுக்குத்தான்... இந்த ஊர்ல ஜின் இருக்கு, அது உம்மா குரல்லயே கூப்பிடும், பதில் சொல்லிடாதேன்னு..."

ருமைஸாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மா கூப்பிடக் கூப்பிட, அவன் இன்னும் உள்ளேதான் போய் ஒளிவான்!

"ஆன்ட்டி, கூப்பிடாதீங்க. காபி போடுங்க."

"இப்போதா?"

"ஜின் உங்க குரல்ல பேசலாம். உங்க காபியைப் போட முடியுமா? வீட்ல காபி வாசனை வந்ததும் அவன்தானே முதல்ல ஓடி வருவான்?"

உண்மைதான். சர்க்கரைக் கட்டியைக் காபியில் தொட்டு மகன் வாயில் வைப்பது லெய்லா ஆன்ட்டியின் தினசரி வழக்கம்.

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். நுரை பொங்கியது. காபி மணம் பனியோடு பனியாகச் சந்துகளுக்குள் நுழைந்தது.

அப்போது எங்கோ ஒரு வீட்டுக்குள், 'ம்ம்... ம்ம்...' என்று மெல்லிய தாலாட்டுபோல ஒன்று கேட்டது. கேட்டது, நின்றுவிட்டது.

இர்ஷாத் தங்கையோடு ஒட்டிக்கொண்டான்.

பனிக்குள்ளிருந்து சின்னக் காலடிச் சத்தம். கூரையில்லாத வீட்டு வாசலில் தாரிக் தலையை நீட்டினான். "சர்க்கரை உண்டா?"

லெய்லா ஆன்ட்டி ஓடிப்போய் அவனை வாரிக்கொண்டார். அழுதார், சிரித்தார், ஒன்றுக்கு மூன்று கட்டி கொடுத்தார்.

"என்னை மன்னிச்சிடு தாரிக். நான் சொன்னது பொய்" என்றான் இர்ஷாத்.

"தனியா இருந்தியே, பயமா இல்லையா?" என்று கேட்டாள் ருமைஸா.

"முதல்ல பயந்தேன். அப்புறம் உள்ளே ஒரு ஆன்ட்டி பாடினாங்க. பயம் போயிடுச்சு."

எல்லோரும் அந்த வீட்டைப் பார்த்தார்கள். உள்ளே மணலும் இடிந்த சுவரும்தான். மணலில் தாரிக்கின் காலடி மட்டும்.

"காற்றாக இருக்கும்" என்றார் லெய்லா ஆன்ட்டி. காற்றே இல்லை. அவர் பாயை வேகவேகமாகச் சுருட்டினார். இர்ஷாத் அதற்கு முன்பே காருக்குள் இருந்தான்.

ருமைஸா மட்டும் நின்றாள். பயந்த பிள்ளைக்குப் பாட்டுப் பாடியவர் யாராக இருந்தால் என்ன? அவருக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் போவதா?

சின்னக் கோப்பையில் காபியை ஊற்றினாள். பக்கத்தில் ஒரு துண்டு பூரெக். அந்த வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பதில் வருகிறதா என்று கேட்க மட்டும் அவள் நிற்கவில்லை. எடுத்தாள் ஓட்டம்!