நான்கு நிமிடத்துக்கு ஒரு உள்ளங்கை

பையைத் தோளில் மாட்டியபோதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரைமேல் கார் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் விளிம்பு வரைக்கும் முந்நூறு அடிச் சரிவு. வழக்கமாகப் பாதி வழியிலேயே வலது தோள் கெஞ்ச ஆரம்பித்துவிடும். இன்று கெஞ்சவில்லை. புத்தக அட்டைக்குப் படம் எடுக்கப் போகிற உற்சாகம்தான் என்று நினைத்துக்கொண்டு, சேறு படாத கல்லாகப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் பையைத் திறந்தாள். உள்ளே யானை இல்லை. கொக்கு இருந்தது.

யானை என்பது பதினான்கு வருடமாக அவளிடம் இருக்கிற ட்ரைபாட். நாலரைக் கிலோ, பெருவிரல் பருமனுக்கு மூன்று கால்கள். நட்டு வைத்தால் காற்றாவது கூற்றாவது, அசையாது. கொக்கு என்பது போன மாதம் கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ஒரு கிலோகூடக் கிடையாது. கடைக்காரன் அதை ஒரே விரலில் தூக்கிக் காட்டி விற்றிருக்கிறான். தூக்கிக் காட்டுவதற்கென்றே செய்த சாமான் அது. வேலைக்குச் செய்ததல்ல.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்த கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. டாக்டர் கனமான எதையும் தூக்கக்கூடாதென்று சொல்லியிருக்கிறாரே, உனக்குத் தெரியாமல் மாற்றி வைத்தேன், இதுவும் அதே உயரம்தானே என்றார்.

அதே உயரமாம். அவள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். மதகு பழுது பார்ப்பதற்காக ஏரியை மூன்று நாளாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள், நாளைக் காலையில் இங்கே வெறும் சேறுதான் இருக்கும். நடு ஏரியில் பட்டுப்போய் நிற்கிற அந்த ஒற்றை மரமும் அதன் நிழலும் தெளிவாக விழ இன்றைய அந்தி ஒன்றுதான் பாக்கி. பதினெட்டு வருடத்தில் அவள் பெயரை மட்டும் போட்டு வரப்போகிற முதல் புத்தகம், அதன் அட்டைக்கு இந்தப் படம் வேண்டுமென்று பதிப்பாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். நான்கு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்கிற படத்துக்கு, தும்மினால் ஆடுகிற இந்தக் குச்சியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே என்றாள். தோள் என்னுடையது, வலி என்னுடையது, உங்களை யார் கேட்டது என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இனிமே என் முதுகுக்குப் பின்னால வந்து நிக்காதீங்க. எப்பவும்."

அவர் முகம் சுருங்கியது. பாட்டிலைக் கல்மேல் வைத்துவிட்டுச் சரிவில் ஏறிப் போனார். கார்க் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் மேலேயிருந்து கேட்டது. அதற்குப் பிறகு மதகின் இரைச்சல்தான். ஏரி முழுவதும் ஒரு தொண்டை வழியாக இறங்கிக்கொண்டிருப்பது போன்ற, நிற்காத, அடித் தொண்டைச் சத்தம்.

முதுகுக்குப் பின்னால் நிற்பது என்பது அவர்களுக்குள் ஒரு வேலை முறை. கேமராவின் பின்பக்கம், கண்ணை வைத்துப் பார்க்கிற துளை ஒன்று இருக்கிறதல்லவா, நீண்ட நேரம் எடுக்கிற படங்களில் அந்தத் துளை வழியாகவும் வெளிச்சம் உள்ளே கசிந்து படத்தைக் கெடுத்துவிடும். அதற்கொரு சின்ன மூடி கேமராவோடு வரும். கல்யாணமான வருடமே அவர் அதைத் தொலைத்தார். தொலைத்ததற்குத் தண்டனையாக ஒன்பது வருடமாகத் தன் உள்ளங்கையையே மூடியாகப் பிடிக்கிறார். அவளுக்குப் பின்னால் நின்று, அவள் வலது தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, துளையைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி. தொட்டால் கேமரா ஆடிவிடும். நான்கு நிமிடமும் இருவரும் பேசமாட்டார்கள். ஷட்டர் மூடியதும் "எடுங்க" என்பாள். எடுத்துவிடுவார்.

இன்று கை கிடையாது. வேண்டவும் வேண்டாம். கைக்குட்டையை மடித்துத் துளைமேல் தொங்கவிட்டாள், லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஃபில்டரைச் செருகினாள், கொக்கு பறந்துவிடாதபடி பையையே அதன் வயிற்றுக் கொக்கியில் மாட்டினாள். அந்தக் கறுப்பு ஃபில்டர் போட்டு எடுத்தால் நகர்கிறதெல்லாம் மறைந்துபோகும். அலை, பறவை, மனிதர் எதுவும் தங்காது. ஒரு முறை நண்பகலில் ரயில் நிலைய வாசலில் எடுத்தபோது அத்தனை கூட்டமும் காணாமல்போய், பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒரே ஓர் ஆள் மட்டும் படத்தில் இருந்தார். அசையாமல் இருப்பதைத்தான் அது பார்க்கும்.

காற்று அடங்கக் காத்திருந்தாள். கால் மணி நேரத்துக்கு மேல் போனது. அடங்கியதும் முதல் படத்தைத் தொடங்கினாள். நான்கு நிமிடம் படம். பிறகு ஷட்டரை மூடிக்கொண்டு கேமரா தனக்குத்தானே இன்னொரு நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும், நீண்ட நேரப் படத்தில் விழுகிற பொய்ப் புள்ளிகளைத் துடைத்துச் சுத்தம் செய்ய. அதற்குப் பிறகுதான் திரையில் எதுவும் தெரியும். கைக்குட்டை பாதியிலேயே பறந்து சேற்றில் விழுந்ததைப் பார்த்தாள். எடுக்கப் போனால் காலடி அதிரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் வந்தது எதிர்பார்த்த குப்பைதான். குறுக்கே வெளிச்சக் கறை, மரத்தின் கிளைகள் இரட்டை இரட்டையாக. ஆனால் மரத்தின் அடியில் ஒரு வரிசை இருந்தது. கறுப்பாக, குட்டையாக, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு ஏழு முளைகள். எண்ணிப் பார்த்தாள். ஏழுதான்.

தலையை நிமிர்த்தி ஏரியைப் பார்த்தாள். மரம் இருந்தது. மரத்தடியில் தண்ணீர் தட்டையாக, வெறுமையாக, ஈயம் ஊற்றினாற்போல் கிடந்தது.

தண்ணீர் வடிய வடிய அடியில் கிடந்த மரக்கட்டைகள் தலையைக் காட்டுகின்றன, மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் படவில்லை, நான்கு நிமிடம் உற்றுப் பார்க்கிற கேமராவுக்குப் படுகின்றன. அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். உடனே அதற்கும் கணவர் மேலேயே கோபம் வந்தது. யானை இருந்திருந்தால் முதல் படமே உருப்படியாக விழுந்திருக்கும். கட்டைகள் வெளியே வருவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார் மனிதர். திரும்பிக் கரையைப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தால் சமாதானத்துக்கு அழைப்பதாக நினைத்துக்கொள்வார். பார்க்கவில்லை.

வெளிச்சம் இன்னும் ஒரே ஒரு படத்துக்குத்தான் தாங்கும். மறுபடியும் காற்று கிளம்பியிருந்தது. இந்த முறை வேறு வழியில்லாமல் சேற்றில் முழங்காலிட்டு, கொக்கின் இரண்டு கால்களை இரண்டு கைகளாலும் தரையோடு அழுத்திப் பிடித்தாள். துளையை மூட மூன்றாவது கை ஒன்று வேண்டும். கறை விழுந்தால் விழட்டும், பிறகு எப்படியாவது துடைத்துக்கொள்ளலாம். ரிமோட்டைப் பல்லால் கடித்து அழுத்தினாள். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

முப்பது நொடி இருக்கும். பின்னால் சேற்றில் கால் புதைந்து எழுகிற சத்தம். புதைந்து, எழுந்து. புதைந்து, எழுந்து. மெதுவாக, அதிராதபடி, இந்த வேலை தெரிந்த ஆள் நடக்கிற நடை. நின்றது. அவள் வலது தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, உள்ளங்கை துளைக்கு நேராக, ஒரு மயிரிழை தள்ளி நின்றது.

வந்துவிட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை அமுக்கிக்கொண்டு கோபமும் வந்தது. அத்தனை சொன்ன பிறகும் வெட்கமில்லாமல் வந்து நிற்கிறாரே என்று ஒரு மனம். வராமல் எங்கே போவார் என்று இன்னொரு மனம். நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாகக் கடிகாரத்தையே பார்த்தாள். ஓரக் கண்ணில் தெரிந்தவரை கை கொஞ்சமும் நடுங்கவில்லை. வழக்கமாக மூன்றாவது நிமிடத்தில் நடுங்கும்.

சேற்று வாடை தூக்கலாக இருந்தது. ஏரியே சேறுதானே. தோளில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. தூறல் போலிருக்கிறது. எதிரே தண்ணீரில் ஒரு வட்டம்கூட இல்லை. வழக்கமாக அவர் கையின் சூடு அவள் கன்னத்தில் தெரியும். இன்று தெரியவில்லை. குளிர்காற்று.

நான்கு நிமிடம் முடிந்து ஷட்டர் மூடிக்கொண்டது. "எடுங்க" என்று அவள் சொல்லவில்லை. பேசக்கூடாது என்று இருந்தாள். சொல்லாவிட்டால் என்ன, அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுக்கலாமென்று அவருக்கே தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.

கை எடுக்கப்படவில்லை.

சுத்தம் செய்கிற நான்கு நிமிடத்தில் கேமரா ஆடினாலும் ஒன்றுமில்லை. கொக்கின் கால்களை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். கை அவள் தோளோடு கூடவே உயர்ந்து, மறுபடி துளைக்கு நேராக இறங்கியது. அப்போது மேல்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தாள். திரையில் கணவர்.

பின்னால் நின்றுகொண்டே போன் செய்கிறார். கோபக்கார மனைவியைச் சிரிக்கவைக்க அவர் செய்கிற பழைய குறும்பு இது, அடுப்படியில் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டு, "மேடம் இருக்காங்களா?" என்பார். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காதில் வைத்தாள்.

காதுக்குள் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"யானையை எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கேன். பெட்ரோல் பங்க் தாண்டிட்டேன், இன்னும் இருபது நிமிஷம். சொல்லாம கிளம்பினதுக்கும் சேத்துத் திட்டிக்கோ." கொஞ்சம் தயங்கினார். "தப்பு என்மேலதான். நீ சொன்ன மாதிரியே பின்னால நிக்கமாட்டேன். ஓரமா நின்னுக்கறேன். அதுவரைக்கும் தனியா இருப்ப, பாத்து இரு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா? கோபமா?"

இணைப்பு அறுந்தது. இல்லை, அவள் விரல்தான் பட்டிருக்க வேண்டும். போன் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. மதகு கேட்டது. சொட்டு கேட்டது.

திரும்பக்கூடாது. எதனால் என்று தெரியவில்லை. திரும்பக்கூடாது.

கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது. முப்பத்தொன்பது. இப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். நகங்களுக்குள் சேறு. விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி, நெடுநேரம் துணி துவைத்த கைபோல. மிகப் பொறுமையான கை. மணிக்கட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கண் ஏற மறுத்தது.

பத்து. ஒன்பது.

திரை ஒளிர்ந்தது.

அவள் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே சுத்தமான படம் அது. ஒரு கறை இல்லை. ஒரு நடுக்கம் இல்லை. மரத்தின் ஒவ்வொரு சுள்ளியும், அதன் நிழலின் ஒவ்வொரு சுள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தன. கட்டைகள் மரத்தடியில் இல்லை. இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தன, பாதி தூரம். கட்டைகளுக்குத் தோள்கள் இருந்தன. மார்பளவு தண்ணீரில் வரிசையாக, நான்கு நிமிடமும் இமைக்காமல், லென்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த முகங்கள் இருந்தன.

எண்ணினாள். ஆறு.

இடமிருந்து மூன்றாவது இடம் காலி. பக்கத்தில் நிற்பவர்கள் நெருங்கி நிற்கவில்லை. இடம் விட்டு நின்றிருந்தார்கள், வேலையாகப் போனவர் திரும்பி வருவார் என்பதுபோல.

கை இன்னும் துளைக்கு நேராகவே இருந்தது. காத்திருந்தது. அவளுக்குப் புரிந்தது. அது எதற்குக் காத்திருக்கிறது என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் புரியும். அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் அப்படியே நிற்கும். இருபது நிமிடம். அவர் வரும்வரை. அவர் யானையைத் தோளில் சுமந்துகொண்டு, ஓரமாக நிற்கலாம் என்று இந்தச் சரிவில் இறங்கி வரும்வரை.

அவர் இங்கே இறங்கக்கூடாது.

"எடுங்க," என்றாள்.

உள்ளங்கை துளையை விட்டு அகன்றது. நிதானமாக, எதையும் அசைத்துவிடக்கூடாது என்கிற அதே கவனத்தோடு, திரும்பி அவள் முகத்துக்கு வந்தது. தொடவில்லை. அவள் கண்களுக்கு முன்னால், ஒரு மயிரிழை தள்ளி, நின்றது.