பச்சை ஒளிக்கான வில்லை

பச்சை விளக்கை அணைத்த பிறகும் திரையில் உருவம் போகவில்லை.

கிருஷாந்தி விளக்கின் வயரையும் பிடுங்கிப் பார்த்தாள். இருட்டுப் பெட்டிக்குள் கமராவின் முன்னால் லென்ஸாக இருந்த அந்த வில்லை உளுந்தளவுதான், தட்டையானது, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான தூண்களை, பச்சை ஒளியை மட்டும் வளைத்துக் குவிக்கும்படி அவள்தான் வடிவமைத்திருந்தாள். ஒளி இல்லையென்றால் படமும் இருக்கக் கூடாது.

அவள்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? போன வில்லையின் வடிவமைப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் முதலாளி அன்ட்ரூ. நாளைக்கு இதையும் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தன்னுடையது என்று காட்டப்போகிறார். "யார் பேர்ல போனா என்ன, எல்லாம் நம்ம கம்பெனிதானேம்மா" என்று சிரித்தாரே, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரிந்தது. மடுல்கெல்லயிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து கண் பூத்துப்போக உழைத்தவள் அவள்.

வெளியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் மழைக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன. மாடியறையில் ஈரக் குடைகளின் வாடையும் சூடேறிய கணினியின் வாடையும் கலந்திருக்க, கணினியின் விசிறி நின்றபோதுதான், பெட்டிக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவது கேட்டது.

திரையில் கலங்கலாக இருந்தது மெல்லக் கூடி முகமாகியது. நெற்றி. மீசை. சிரிக்கும் வாய். கண்கள் மட்டும் இல்லை.

அன்ட்ரூவின் முகம். தூண்களின் சரியான அமைப்பைக் கணினி தேடத் தொடங்குவதற்கு அதற்கு ஏதாவதொரு படம் கொடுக்க வேண்டும். எல்லோரும் வெறும் புள்ளிகளைக் கொடுப்பார்கள். அவள் ஆத்திரத்தில் அன்ட்ரூவின் புகைப்படத்தைக் கொடுத்திருந்தாள், கண்கள் இரண்டையும் அழித்துவிட்டு. அத்தனை கணக்குக்குப் பிறகு அந்த முகத்தின் சுவடுகூட மிஞ்சியிருக்கக் கூடாது.

உடைத்துவிடலாம். இப்போதே.

ஆனால் இது அவளுடையது. இதையும் அந்த ஆளுக்காக இழக்க வேண்டுமா? எடுத்த சுத்தியலைக் கீழே வைத்தாள்.

படியில் யாரோ தடுக்கி விழும் சத்தம்.

"கிருஷாந்தி, இருக்கீங்களா?" அன்ட்ரூவின் குரல். "கரண்டு போயிருச்சா? ஒண்ணுமே தெரியலையே."

மேலே லைட்டுகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

அவர் சுவரைத் தடவியபடி வாசலில் வந்து நின்றார். புருவத்துக்குக் கீழே வழுவழுவென்று வெறும் தோல்.

அவள் திரையைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் இப்போது கண்கள் இருந்தன. ஈரமாக. இமைத்தன. அறையெங்கும் தேடின. அவளிடம் வந்து நின்றன.